நான்காம் தொகுப்பின் கடைசிப் பாட்டு

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

அப்பாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை மீன் கிடங்குகளின் குளிர் இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்ப்பதிலேயே பொழுது போகிறதா?

நீ பதிவு செய்து அனுப்பிய பாட்டுகளின் மூன்றாம் தொகுப்பு வெளியே வந்துவிட்டது. 'ஆப்பிரிக்க வட்டார இசை: மலைநாட்டுப் பாட்டுகள்'. அட்டையில் சிங்கம். மலையில் பாடுகிறவர்களுக்கும் சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஸ்டூடியோ முதலாளியிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். "சிங்கம் இருந்தாத்தாம்மா இது ஆப்பிரிக்கான்னு வாங்குறவனுக்குத் தெரியும்" என்றார். முதல் தொகுப்பில் யானை, இரண்டாவதில் ஒட்டகச்சிவிங்கி. நான்காவதுக்கு என்ன மிருகம் மிச்சம் இருக்கிறது என்று நீயே யோசித்துச் சொல்.

ஆனால் வாங்குகிறார்கள்டா. ஒரு பஸ் கண்டக்டர் எழுதியிருக்கிறார், இரண்டாவது தொகுப்பின் மூன்றாம் பாட்டை டிக்கெட் கிழித்துக்கொண்டே முணுமுணுக்கிறாராம், ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் தெரியாமல். அந்தப் பாட்டை அங்கே வைத்தது நான்தான். புது வீட்டுக்குள் வருகிறவனை வாசலிலேயே மிரட்டக்கூடாது. காதுக்குப் பழகின கிடார் பாட்டு முதலில், அப்புறம் கைதட்டல், அப்புறம்தான் ஆளை உலுக்குகிற சமாசாரம். பாட்டுகளை வரிசை போடுவதில் எனக்கு ஈடு யாரும் இல்லை என்று நான் சொன்னால் தற்பெருமை, நீ சொன்னால் உண்மை. எழுது.

இன்னொன்று. இந்தப் புதுத் தொகுப்பின் ஐந்தாம் பாட்டில் கட்டைவிரலால் மீட்டுகிற அந்தச் சின்னப் பெட்டி வாத்தியத்தில் ஒரே வண்டுச் சத்தம். வாரக்கணக்கில் உட்கார்ந்து அதை அடக்கிவிட்டேன். இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. பயப்படாதே, அசலில் நான் பிளேடு வைப்பதில்லை. நகல் எடுத்து அதில்தான் வெட்டுவேன், ஒட்டுவேன். வேலை முடிந்ததும் அசல் டேப்புகளை வழக்கம்போலக் காந்தப் பெட்டியில் வைத்து அழித்து, கப்பல்காரர் கையில் கொடுத்திருக்கிறேன். அவற்றிலேயே புதிதாகப் பதிவு செய்து அனுப்பு. வெற்று டேப் இங்கே குதிரைக் கொம்பாகிவிட்டது.

அப்பா இன்னும் உன் பெயரை எடுப்பதில்லை. பெண் பார்த்து முடிவு செய்த கல்யாணத்துக்கு நீ வராமல் போனது அவருக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. ஆனால் உன் கடிதம் வந்த அன்று இரண்டாவது காப்பி கேட்கிறார்.

உன் அக்கா.


மார்ச் 14

அக்காவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீ கண்ணுக்குக் கண்ணாடி போட்டாயா? போட்டிருக்க மாட்டாய்.

பாட்டு வரிசை போடுவதில் உனக்கு ஈடு யாரும் இல்லை. எழுதிவிட்டேன். இப்போது திட்டப் போகிறேன்.

அந்த வண்டுச் சத்தத்தை யார் உன்னை அடக்கச் சொன்னது? பெட்டியில் சோடா மூடிகளைக் கோர்த்து அவர்களேதான் அந்தச் சத்தத்தை வரவைக்கிறார்கள். நீ அனுப்பிய இசைத்தட்டை, அந்தப் பெட்டியை வாசித்த பெரியவருக்கே போட்டுக் காட்டினேன். பாதி கேட்டுவிட்டு, "என் பெட்டி வாயை யாரு கட்டினது?" என்று கேட்டார். எங்கள் அக்கா என்று சொல்ல வெட்கமாகப் போய்விட்டது. சுத்தம் செய்வது உன் கைக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது. எல்லாச் சத்தமும் அழுக்கு இல்லை.

நான்காவது தொகுப்புக்கு ஏரிக்கரைப் பாட்டுகள் தருகிறேன். கிடங்கு வண்டியில் மீன் இறங்கும் துறைகளுக்கெல்லாம் போகிறேன், டேப் ரெக்கார்டரும் கூட வருகிறது. துடுப்புப் பாட்டு, வலை பின்னும் பெண்கள் பாட்டு, ஒரு சலூன்காரரின் கிடார் எல்லாம் கிடைத்திருக்கிறது. இரண்டு டேப் மட்டும் வீணாகிவிட்டது. இந்த வீட்டில் ஒரு வாலு இருக்கிறாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் டேப்பை உருவி நாற்காலிக் காலுக்கெல்லாம் சுற்றி, நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். திட்ட வாயைத் திறந்தால் சிரிக்கிறாள். அப்புறம் எங்கே திட்டுவது?

நான் தங்கியிருக்கும் வீட்டுத் தையற்காரி நன்றாகப் பாடுவாள். மெஷினில் உட்கார்ந்தால்தான் பாட்டு வருமாம். மிதியை மிதிக்கிற சத்தம்தான் தாளம். அதையும் ஒருநாள் பதிவு செய்ய வேண்டும்.

மிருகம் வேண்டாம், ஏரி என்று முதலாளியிடம் சொல்.

உன் தம்பி.


ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், அப்பா சௌக்கியம். கண்ணாடி போடவில்லை, நானும் சௌக்கியம். உனக்கு உடம்பு எப்படி?

சோடா மூடி விஷயம் தெரியாமல் செய்துவிட்டேன். அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அடுத்த அச்சில் பாதி சத்தத்தையாவது திருப்பி வைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "சத்தத்தை எடுத்ததுக்கும் சம்பளம், வைக்கிறதுக்கும் சம்பளமா?" என்றார். மனுஷன் சிரிக்காமலே சிரிக்க வைப்பார்.

சரி, விஷயத்துக்கு வா. யார் வீட்டு வாலு அது? உன் கடிதத்தில் மீன் பற்றி ஒரு வரி, குளிர் இயந்திரம் பற்றி அரை வரி, வாலுவைப் பற்றி மட்டும் பக்கம் நிறைய. தையற்காரி மகளா? தையற்காரிக்கு வீட்டுக்காரர் இருக்கிறாரா? நான் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா கேட்கிறேன். அப்பாவிடம் நானாக எதையும் சொல்ல மாட்டேன், அதுவும் உனக்குத் தெரியும்.

வாலுவுக்கு நாலு ரிப்பன் கப்பல்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தலைமுடி நீளமா குட்டையா என்று தெரியாததால் எல்லா அளவிலும்.

பாட்டுகளை ஜூனுக்குள் அனுப்பு.

உன் அக்கா.


ஜூன் 20

தம்பி,

எப்படி இருக்கிறாய்? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் ஏதாவது கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேனா? அப்படியானால் கேட்டதை அடித்துவிடு. பதில் சொல்லவேண்டாம், உடம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுது. முதலாளி பாட்டுகளைக் கேட்டு நச்சரிக்கிறார், அது கிடக்கட்டும்.

அப்பா நேற்று தானாகவே, "போஸ்ட்மேன் லீவா?" என்று கேட்டார். அவர் கேட்டது உன்னைத்தான்.

அக்கா.


ஜூலை 16

அக்காவுக்கு வணக்கம்.

நான் இருக்கிறேன். அப்பாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

எழுத முடியவில்லை. இங்கே மழைக்காலம், காய்ச்சல் அதிகம். வேலையும் அதிகம்.

நான்காம் தொகுப்புக்கான டேப்புகளைக் கப்பல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். எது எந்தத் துறையில் எடுத்தது என்று பெட்டிக்குள் சீட்டு இருக்கிறது. நீ உன் இஷ்டப்படி வரிசை போட்டுக்கொள்.

சிவப்பு நூல் கட்டிய சுருளில் தையற்காரியின் பாட்டு இருக்கிறது. பிப்ரவரியில் நீ திருப்பி அனுப்பிய டேப்பில் எடுத்தது. அதைத் தொகுப்பில் சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி. அந்த டேப்பை மட்டும் அழிக்காதே அக்கா. உன்னிடம் பத்திரமாக வை. இங்கே வைக்க முடியவில்லை, அதனால்தான் அனுப்புகிறேன்.

ரிப்பன் வந்து சேர்ந்தது.

தம்பி.


ஆகஸ்ட் 22

அன்புத் தம்பிக்கு,

அப்பாடா, எழுதினாயே. நாங்கள் நலம். அங்கே காய்ச்சல் என்கிறாய், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. வாலுவுக்கும் கொதிக்க வைத்தே கொடுக்கச் சொல்.

தம்பி, தையற்காரியின் பாட்டைக் கேட்டேன். முதல் தடவை கேட்டபோது கையில் இருந்த காப்பி ஆறிப்போனதே தெரியவில்லை. அந்த மிதிச் சத்தம், அதன்மேல் அவசரமே இல்லாமல் அந்தக் குரல். இதுவரை நீ அனுப்பியதிலேயே இதுதான் முதல் தரம். கேட்ட உடனே முடிவு செய்துவிட்டேன், தொகுப்பின் கடைசிப் பாட்டு இதுதான். இதற்குப் பிறகு எதைப் போட்டாலும் எடுபடாது.

மிதிச் சத்தத்தை நான் தொடவே இல்லை, சோடா மூடி பாடம் மறக்கவில்லை. ஆனால் பாட்டுக்கு நடுவிலும் கடைசியிலும் உங்கள் வாலு புகுந்துவிட்டாள். ஓடி வருகிற சத்தம், சிரிப்பு, பேச்சு. முதலாளி கேட்டுவிட்டு, "வீட்டுச் சத்தமெல்லாம் எதுக்கும்மா, ஜனங்க பாட்டுக் கேக்கத்தானே வாங்குறாங்க" என்றார். நகலில் வெட்டி எடுத்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை, என் ஆயுசில் இப்படி ஒரு வெட்டு வெட்டியதில்லை. சிரிப்பும் பாட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. டேப்பைக் கையாலேயே முன்னும் பின்னும் உருட்டி, நூறு தடவையாவது கேட்டிருப்பேன், எங்கே மூச்சு, எங்கே சிரிப்பு என்று. இப்போது ஒட்டு எங்கே என்று நீயே கண்டுபிடிக்க முடியாது.

பாட்டு முடிந்தபின் தையற்காரி அதே ராகத்தில் குழந்தையைக் கூப்பிடுகிறாளே, அதை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. அழகாக இருக்கிறது. தொகுப்பே அந்தக் கூப்பாட்டோடு முடிகிறது.

சிவப்பு நூல் சுருளில் விரிசல் விட்டிருந்தது. ஓட்டினால் டேப் கிழியும் என்று நம் ஸ்டூடியோவின் நல்ல சுருள் ஒன்றுக்கு மாற்றித்தான் ஓட்டினேன். கவலைப்படாதே, நூல் கட்டிய சுருள் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த வாரம் அச்சு. அட்டையில் ஏரி. ஏரிக்கரையில் ஒரு நீர்யானை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன் அக்கா.


செப்டம்பர் 2

அக்காவுக்கு வணக்கம். நீங்கள் இருவரும் நலம் என்றே நம்புகிறேன். உன் பதில் இன்னும் வரவில்லை, அதற்குள் எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். தையற்காரி என் மனைவி. அப்பா பார்த்த கல்யாணத்துக்கு நான் வராமல் போனது அவளால்தான். வாலு என் மகள். நாலு வயது முடியவில்லை.

மே மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். அப்புறம் கிடங்கு வண்டியிலேயே டவுனுக்குக் கொண்டு போனோம். நான் ஓட்டினேன். அவள் பின்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மழையில் பாதை சரியில்லை, ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டோம். போய்ச் சேர்ந்ததில் பிரயோஜனம் இல்லை அக்கா.

அந்தப் பாட்டு மார்ச் கடைசியில் எடுத்தது. குழந்தையின் குரல் இருப்பது அந்த டேப்பில் மட்டும்தான். குழந்தை போன பிறகு ஒருநாள் தாங்க முடியாமல் எடுத்துப் போட்டேன். முதல் வரி வந்ததுமே என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். "இது இந்த வீட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன்" என்றாள். தூக்கி எறியவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. உலகத்தில் ஒரு டேப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள் எனக்கு நீ ஒருத்திதான். அதனால் பாட்டோடு பாட்டாக உன்னிடம் அனுப்பினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

என் மனைவி மெஷின் பக்கமே போகாமல் இருந்தாள். நேற்று உறையைக் கழற்றித் துடைத்தாள். எண்ணெய் போட்டாள். என்னைப் பார்த்து, "அவ குரலைக் கேக்கணும். கொண்டுவரச் சொல்லு" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது இதுதான்.

அக்கா, அந்த டேப்பை அடுத்த கப்பலில் அனுப்பு. தொகுப்பில் பாட்டைச் சேர்த்தாயா இல்லையா என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

தம்பி.


அக்டோபர் 6

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

எனக்கு ஒரு மருமகள் இருந்திருக்கிறாள், நான் ரிப்பன் அளவு தெரியாமல் நாலு அளவில் அனுப்பியிருக்கிறேன். என்னிடம்கூடச் சொல்லக்கூடாது என்று ஏன்டா நினைத்தாய்? ஒரு போட்டோவாவது அனுப்பியிருக்கலாமே. உன்னைத் திட்டவும் முடியவில்லை. அழுதுகொண்டே இருக்கிறேன், அப்பா ஏன் என்று கேட்கிறார், தலைவலி என்கிறேன்.

அவளைச் சாப்பிட வை. நீயும் சாப்பிடு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தனியாக விடாதீர்கள்.

எனக்கு வேறு எழுத ஓடவில்லை. பிறகு எழுதுகிறேன்.

அக்கா.


நவம்பர் 11

அக்காவுக்கு வணக்கம்.

உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடைசிக் கடிதத்தில் கையெழுத்து கோணலாக இருந்தது. டேப்பைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அதிர்ச்சியில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

கப்பல்காரர் வந்தார். வழக்கம்போல உன் டேப் பெட்டி, கூடவே புது இசைத்தட்டு. பெட்டியைப் பார்த்ததும் என் மனைவி மெஷின் மேலிருந்த துணியை எல்லாம் எடுத்துவிட்டு, டேப் ரெக்கார்டரை அங்கே வைத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சிவப்பு நூல் எதிலும் இல்லை. நீ சுருள் மாற்றியதாக எழுதியிருந்தாயே, அதனால் ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் டேப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓடவிடச் சொன்னாள், நடுவில் எங்கேயாவது இருந்தால் தவறிவிடும் என்று. சாயங்காலம் வரை உட்கார்ந்து வெறும் உஸ் என்ற சத்தத்தைக் கேட்டோம்.

"உங்க அக்கா தனியா வெச்சிருப்பாங்க" என்று அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பெட்டியோடு அனுப்ப பயந்து தனியாக வைத்திருப்பாய்.

வெட்டியதைப் பற்றி நீ எழுதிய கடிதமும் வந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நகலில்தானே வெட்டினாய். அசல் உன்னிடம் இருக்கிறதல்லவா? எதுவானாலும் எழுது அக்கா.

தம்பி.


டிசம்பர் 8

தம்பி,

அசல் இல்லை.

சிவப்பு நூல் சுருள் என் இழுப்பறையில் இருக்கிறது. அதில் டேப் இல்லை. நகல் எடுத்து முடித்ததும் திருப்பிச் சுற்றி வைக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். வெட்டுவதிலேயே மூழ்கிப்போனேன். உன் டேப் நம் ஸ்டூடியோ சுருளில் மற்றவற்றோடு அலமாரியில் இருந்தது. தொகுப்பு அச்சாகி வந்த வாரமே கப்பல் கிளம்புகிறது என்றார்கள். வழக்கம்போல அலமாரியில் இருந்ததை எல்லாம் அள்ளிக் காந்தப் பெட்டியில் வைத்தேன். நான்தான் வைத்தேன், வேறு யாரும் இல்லை. நூல் கட்டியது தனியாகப் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பு. உன் செப்டம்பர் கடிதம் வந்தபோது கப்பல் போய்விட்டது. அன்றைக்கே இழுப்பறையைத் திறந்து பார்த்தேன்.

நீங்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்து கேட்ட அந்த டேப்புகளில் ஒன்றுதான் அது. போன கடிதத்தில் இதை எழுதாமல் விட்டேன். எழுதாத வரை அது உங்களுக்கு இன்னும் நடக்கவில்லை என்று ஒரு முட்டாள்தனம்.

நகலில் வெட்டி எடுத்த துண்டுகளைத் தேடினேன். ஸ்டூடியோவைப் பெருக்குகிற அம்மா அப்போதே குப்பையோடு கொளுத்திவிட்டாராம். எங்கே கொளுத்தினாரோ அங்கேயும் போய்க் கிளறினேன். முதலாளியிடம் இருந்த மாதிரித் தட்டையும் கேட்டேன், அதுவும் வெட்டிய பிறகு எடுத்ததுதான்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள் அவரே அந்தத் தட்டைப் போடச் சொன்னார். கடைசிப் பாட்டை மட்டும். முன்னால் சாய்ந்து கேட்டார், மருமகள் குரல் நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். பாட்டு முடிந்தது, அவள் கூப்பிடுவதும் முடிந்தது, தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா காத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பாப்பா எங்கம்மா?" என்று கேட்டார்.



உங்கள் இருவரையும் வரச் சொல்கிறார். தன் வாயால் சொன்னார். என்னை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

அக்கா.


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

அப்பா நலமா? நீ நலமா?

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் கண்டபடி எழுதியிருப்பேன். அதனால் எழுதவில்லை. கோபம் இருந்தது. இப்போதும் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மறைத்து வைத்தவன் நான், அழித்தவள் நீ, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கிடங்கில் ஒரு கம்ப்ரசரை உதைத்துக் கால்விரல்தான் வீங்கியது.

அப்பாவிடம் சொல், வரச் சொன்னதற்குச் சந்தோஷம். ஆனால் மூன்று பேராக வந்திருக்க வேண்டிய வீட்டுக்கு இப்போது இரண்டு பேராக வர எனக்குத் தெம்பு இல்லை.

உன் தொகுப்பு இங்கேயும் வந்துவிட்டது. டவுனில் ரேடியோ கடை வைத்திருப்பவர் அந்தக் கடைசிப் பாட்டைத்தான் வாசலில் போடுகிறார். ஏரிக்கரைக்காரர்களே நின்று கேட்கிறார்கள். என்னைப் பார்த்தால் கைகொடுக்கிறார்கள், உங்கள் வீட்டுப் பாட்டு உலகம் முழுக்கப் போகிறது என்று. நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

அவளிடம் டேப் இல்லை என்று சொன்னேன். அழவில்லை. இரண்டு வாரம் கழித்து இசைத்தட்டைப் போடச் சொன்னாள். கடைசியில் அவள் குழந்தையைக் கூப்பிடுகிற இடம் வந்தது. "என் செல்லமே" என்று எங்கள் மகளை அவள் பாஷையில் கூப்பிடுகிறாள். கூப்பிட்டதும் சட்டென்று நின்றுவிடுகிறது. முள்ளை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தாள். மறுபடியும். பிறகு என்னிடம், "அவ பதில் சொன்னாளா?" என்று கேட்டாள்.

அக்கா, நான் அந்த அறையில்தான் இருந்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, ரெக்கார்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு நன்றாக விழ வேண்டும் என்று அவ்வளவு கவனம். என் குழந்தை என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கும் நினைவில்லை. தினம் எத்தனையோ தடவை கூப்பிடுவாள், எத்தனையோ தடவை குழந்தை பதில் சொல்லும், அதில் இது எது என்று யாருக்குத் தெரியும்?

"உங்க அக்கா நூறு தடவை கேட்டாங்கன்னு சொன்னியே. அவங்களைக் கேளு. மறக்கிறதுக்குள்ள எழுதச் சொல்லு" என்றாள்.

எழுது.

தம்பி.


மார்ச் 20

தம்பி, இது உன் மனைவிக்கு. அப்படியே படித்துச் சொல். எதையும் மழுப்பாதே, அழகுபடுத்தாதே.

அன்புத் தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். நான் மறக்கவில்லை. மறக்க முடியவில்லை. எனக்குக் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

நீ இரண்டாவது வரி பாடும்போது தூரத்தில் ஒரு கதவு. அப்புறம் வெறுங்கால் ஓடி வருகிற சத்தம். கால் கொஞ்சம் ஈரமாக இருந்திருக்க வேண்டும், தரையில் ஒட்டி ஒட்டி வந்தது. மெஷின் கிட்டே வந்து நின்றுவிட்டாள். அங்கே மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, ஓடி வந்த இளைப்பு. பதிவு நடக்கிறது, பேசக்கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டுதான் நின்றாள். பாவம், முடிந்தவரை முயற்சி செய்தாள்.

மூன்றாவது வரியில் மிதி தடுமாறியது. அவள் தன் காலையும் மிதியில் வைத்தாள் என்று நினைக்கிறேன். உன் குரல் அங்கே ஒரு நொடி சிரிப்பை விழுங்கியது, அது இசைத்தட்டில் இப்போதும் இருக்கும், கேட்டுப் பார். அதற்குப் பிறகுதான் அவள் சிரித்தாள். முதலில் மூச்சு உள்ளே போகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், பிறகு மொத்தமாக. மேலே போய் மேலேயே நின்றுவிடுகிற சிரிப்பு. நடுவில் ஒரு விக்கல். விக்கல் வந்ததற்கே மறுபடி சிரித்தாள். பிறகு உங்கள் பாஷையில் ஏதோ கேட்டாள், இரண்டு தடவை, முதல் தடவை மெதுவாக, இரண்டாம் தடவை நீ கவனிக்கவில்லை என்று சத்தமாக. எனக்கு அர்த்தம் தெரியாது. கேள்வி என்று மட்டும் தெரிந்தது.

நீ பாடி முடித்தாய். மிதி நின்றது. அவள் ஓடிவிட்டாள், கால் சத்தம் தள்ளிப்போனது. அப்போதுதான் நீ அவளைக் கூப்பிட்டாய், பாடின ராகத்திலேயே. ராகத்தில் இருந்ததால் அதை விட்டேன். அதற்குப் பின்னால் வந்தது ராகத்தில் இல்லை என்று வெட்டினேன்.

பதில் சொன்னாள். "ம்" என்றாள். வாய்க்குள் எதையோ போட்டுக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது. நீ கூப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாள். உன் குரல் முடிகிற இடத்தில் அவள் குரல் ஏறியிருந்தது, பிரிக்கவே முடியவில்லை. அதனால் உன் கடைசி எழுத்தையும் கொஞ்சம் சேர்த்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது. தட்டில் நீ கூப்பிடுவது சட்டென்று நின்றுபோவது அதனால்தான்.

அவள் உன்னைக் காக்க வைக்கவில்லை, தங்கை. கூப்பிட்ட உடனே சொன்னாள்.

அக்கா.